பழைய லெப்டொப்பில லினக்ஸ் போடலாமா? பாமினி வேலை செய்யுமா?

உப்புவெளி_பெடியன்:
வீட்டில எச்பி லெப்டொப் ஒண்டு கிடக்கு, 4 ஜிபி ரேம். விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபரோட சப்போர்ட் நிண்டிட்டு, 11 போட இது விடுதில்ல, புதுசு வாங்க இப்ப வசதியும் இல்ல. லினக்ஸ் மிண்ட் (விண்டோஸுக்குப் பதிலாப் போடுற இலவச சிஸ்டம்) போடுவம் எண்டு யோசிக்கிறன், ஆனா அம்மா கோயில் நோட்டீஸ் எல்லாம் பாமினி எண்ட தமிழ் ஃபொண்டிலதான் அடிக்கிறவ, அது குழம்பினா எனக்கு இரவுச் சாப்பாடு இல்ல. அதோட போட்டாப்பிறகு நெடுக கமாண்ட் அடிச்சுக்கொண்டே இருக்கோணுமா?

கின்னியா_நானா:
தம்பி, முதல்ல போடாமலே பாருங்க. மிண்ட் 22ல எக்ஸ்எஃப்சிஇ எடிஷன எடுங்க, அதுதான் பாரமில்லாதது. கிட்டத்தட்ட 3 ஜிபி வரும், இரவு டேட்டாவில இறக்கி ரூஃபஸ் எண்ட சொஃப்ட்வெயரால 8 ஜிபி பென் டிரைவ் ஒண்டில எழுதுங்க, அதில இருக்கிறதெல்லாம் அழியும். ஓன் பண்ணின கையோட எஃப்9ஐத் தட்டிக்கொண்டே இருந்தா மெனு வரும், பென் டிரைவத் தெரிவு செய்ங்க, விண்டோஸைத் தொடாமலே டெஸ்க்டொப் வந்திடும். வைஃபை, சவுண்ட், பிரிண்டர் எல்லாத்தையும் அதிலயே பாருங்க. சில புரோட்கொம் வைஃபைக்கு டிரைவர் தனியப் போடோணும், அப்ப போனைக் கொழுவி யூஎஸ்பி டெதரிங் (போன் இன்டர்நெட்டை லெப்டொப்புக்குக் குடுக்கிறது) குடுத்திட்டு டிரைவர் மேனேஜரைத் திறந்தாச் சரி. பென் டிரைவில ஓடேக்க மெதுவாத்தான் இருக்கும், அத வச்சு முடிவெடுக்காதீங்க.

பாலையூற்று_டைப்பிங்:
பாமினி பிரச்சினையே இல்ல, அது யுனிகோட் இல்லத்தானே, இங்கிலீஷ் கீபோர்ட்டிலயே அடிக்கிறது. ஃபொண்ட் பைலை டபிள் கிளிக் பண்ணி இன்ஸ்டோல் குடுத்தா லிபரே ஒபிஸில (லினக்ஸில வேர்டுக்குப் பதிலாப் பாவிக்கிறது) வரும். பழைய வேர்ட் பைலில டெக்ஸ்ட் பொக்ஸ், டேபிள் கொஞ்சம் நகரும், அதால பிரிண்ட் எடுக்க கொமினிகேஷன் கடைக்குக் குடுக்கேக்க பிடிஎஃப் ஆக்கிக் குடுங்க. ஆனா அம்மா வேர்டில இல்லாம பேஜ்மேக்கரில (பழைய பக்க வடிவமைப்பு சொஃப்ட்வெயர்) அடிக்கிறவ எண்டா விண்டோஸை அழிக்க வேணாம், அது லினக்ஸில நேரா ஓடாது.

மூதூர்_லினக்ஸ்:
கமாண்ட் ஒண்டும் தேவையில்ல. கீழ கேடயம் மாதிரி ஐகொன் வரும், அத அமத்தி அப்டேட் குடுக்கிறதுதான் வேலை. முதல் நாளே டைம்ஷிப்ட் செட் பண்ணுங்க, அப்டேட்டில ஏதும் உடைஞ்சா முன்ன இருந்த நிலைக்கே திருப்பலாம், ஆனா படம் டொகியுமெண்ட் அதுக்குள்ள சேராது, அத வேற இடத்தில கொப்பி எடுத்து வையுங்க. மிண்ட் 22க்கு 2029 வரைக்கும் அப்டேட் இருக்கு, புது வேர்ஷன் வந்ததெண்டு ஓடாதீங்க. யூடியூப்பில சொல்லுற பிபிஏ (வெளியாக்கள் வச்சிருக்கிற சொஃப்ட்வெயர் இறக்கிற இடங்கள்) எல்லாம் சேர்க்கவும் வேணாம், அதாலயும் மிண்ட் உடையலாம்.

உப்புவெளி_பெடியன்:
அம்மா வேர்ட்தானாம், தப்பிச்சன். பென் டிரைவில ஓடுது, வைஃபையும் பிடிச்சிட்டு. ஸ்கிரீன் வெளிச்சம் கூட்டிக் குறைக்கிற கீ மட்டும் வேலை செய்யுதில்ல, ஆருக்கும் தெரியுமா?