வீடியோ கேசட்டை டிஸ்க்கில் ஏற்ற ரெக்கார்டர் தேடி அலைந்த கதை: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து

அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு. 1991இல் நடந்த அக்கா கல்யாணத்தை மண்டபத்தில் திரை கட்டி ஓட்ட வேண்டுமாம். பரண் மேலிருந்த தகரப் பெட்டியை இறக்கினால் உள்ளே 14 வீடியோ கேசட். கல்யாணக் கேசட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன். "மூணு மணி நேரமும் ஒரே டிவிடில வந்துரும் சார்" என்றார்கள். வந்தது. மாப்பிள்ளை அழைப்பு வரைக்கும் பரவாயில்லை. கெட்டிமேளம் கொட்டி அட்சதை விழ ஆரம்பித்ததும் படம் சின்னச் சின்னக் கட்டமாக உடைந்துவிட்டது. மாமா தாலி கட்டுகிற கையே தெரியவில்லை. அக்காவின் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாக ஒரு சதுரம்.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. சாதாரண டிவிடியில் இருக்கும் இடம் 4.7 ஜிபிதான். டிவிடி ரெக்கார்டரில் எக்ஸ்பி என்று வைத்தால் 1 மணி நேரம் பிடிக்கும், எஸ்பி என்றால் 2, எல்பி 4, இபி 6 அல்லது 8. நேரம் நீள நீள ஒவ்வொரு நொடிக்கும் கிடைக்கிற இடம் குறைகிறது. எல்பிக்குப் போனால் பல மெஷின்கள் படத்தின் புள்ளிகளையே பாதியாக்கிவிடும். மணையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஐயருக்கு அது போதும். மண்டபமே எழுந்து நின்று அரிசியை வீசினால் எப்படித் தாங்கும்? எங்கள் கேசட்டை இபியில் போட்டிருக்கிறார்கள். ஒரு டிஸ்க் மிச்சம் அவர்களுக்கு.

சரி, நாமே ஒரு ரெக்கார்டர் வாங்கிவிடலாம் என்று முதலில் பர்மா பஜார் போனேன். பீச் ஸ்டேஷனில் இறங்கி, ஒரு காலத்தில் வரிசையாகக் கேசட் ஓட்டுகிற டெக் அடுக்கி வைத்திருந்த கடைகளின் முன்னால் நடந்தால் எல்லாம் செல்போன் கவரும் இயர்போனும்தான். ஒருவர் சிரித்துக்கொண்டே, "இன்னா சார், டெக்கா? மியூசியத்துல போய்க் கேளு" என்றார். இன்னொருவர்தான் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மெக்கானிக் இருப்பதாகச் சொல்லி வழி காட்டினார். பொங்கலுக்கு டிவியும் டெக்கும் ஒரு ராத்திரிக்கு வாடகை விட்ட காலத்திலிருந்தே இந்த வேலையில் இருப்பவராம்.

அவர் மேஜை மேல் மூன்று மெஷின். ஒன்று கேசட்டும் டிஸ்க்கும் ஒரே பெட்டியில் இருக்கிற காம்போ. இரண்டாவது வெறும் டிவிடி ரெக்கார்டர். மூன்றாவதில் உள்ளேயே 160 ஜிபி ஹார்ட் டிஸ்க். நான் பெருமையாக இருப்பதிலேயே நல்ல கேசட்டை எடுத்துப் போயிருந்தேன். அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எதுல போட்டாலும் ஓடும் சார். இருக்கிறதுலயே மோசமா எது இருக்கோ அதைக் கொண்டாங்க" என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் கிரகப்பிரவேசக் கேசட்டைக் கொண்டுபோனேன். அதில் படத்தின் மேல்விளிம்பு கொடி மாதிரி ஒரு பக்கமாக வளைந்து ஆடும். காம்போவில் போட்டால் இரண்டு நிமிடத்தில் ரெக்கார்டிங் நின்று, 'காப்பி செய்ய அனுமதி இல்லை' என்று திரையில் வருகிறது. எங்கள் வீட்டுப் பால் காய்ச்சுவதை நாங்கள் காப்பி எடுக்க யார் அனுமதி தர வேண்டும்? விற்பனைக்கு வந்த சினிமா கேசட்டுகளில், படத்துக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத வரிகளில் மேக்ரோவிஷன் என்று ஒரு பூட்டைப் போட்டிருப்பார்கள். தேய்ந்த கேசட்டின் தள்ளாட்டத்தையும் சில ரெக்கார்டர்கள் அந்தப் பூட்டு என்றே நினைத்துக்கொள்ளுமாம். டெக்கிலிருந்து ஒயரில் கொடுத்ததும் இரண்டாவது மெஷின் பதிந்தது, ஆனால் வளைவையும் சேர்த்தே பதிந்தது. மூன்றாவதில் கொடுத்ததும் வாசல்படி நிமிர்ந்து நின்றது! டிபிசி என்ற ஒன்று, ஒவ்வொரு வரியையும் பிடித்து நேராக நிறுத்துகிறதாம். மெனுவில் அது இருக்கிறதா என்று தேடுவதைவிட மோசமான கேசட்டைப் போட்டுப் பார்ப்பது சுலபம் என்றார்.

6,500 ரூபாய்க்கு அதையே வாங்கினேன். ஹார்ட் டிஸ்க் இருப்பதில் இன்னொரு வசதி, கேசட்டை முழுக்க உள்ளே பதிந்துகொண்டு, நடுவில் வரும் நீலத்திரையையும் புள்ளி மழையையும் வெட்டிவிட்டு, பிறகு நிதானமாக டிஸ்க்கில் ஏற்றலாம். பணம் கொடுப்பதற்கு முன் பத்து நிமிடம் பதிந்து, ஃபைனலைஸ் செய்து, அதாவது வேறு மெஷினிலும் ஓடும்படி டிஸ்க்கை முடித்து, அந்த டிஸ்க்கைப் பக்கத்துக் கடை கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தேன். பழைய ரெக்கார்டர்களில் முதலில் போவது லேசர்தான். படம் காட்டும், டிஸ்க் மட்டும் எழுதாது.

உங்களில் யாராவது இப்படி அலைந்திருந்தால் எழுதுங்கள். இன்னும் 13 கேசட் இருக்கிறது.

கொடுங்கையூரிலிருந்து

அண்ணா, ரெக்கார்டர் இருக்கட்டும். மீதிக் கேசட்டுகளின் ஜன்னல் வழியாக டேப் சுருளைப் பார்த்தீர்களா? ஓரத்தில் மாவு தூவியது போல வெள்ளையாக இருந்தால் அது பூஞ்சை. அப்படியே டெக்கில் போட்டுவிடாதீர்கள். ஹெட் அடைத்துக்கொள்வது மட்டுமில்லை, அடுத்து போடுகிற நல்ல கேசட்டுக்கும் அது ஒட்டிக்கொள்ளும். நான் அப்படித்தான் ஒரு நல்ல டெக்கைக் கெடுத்தேன்.

2015 வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். பீரோவின் அடித்தட்டில் இருந்த 6 கேசட்டும் சேற்றுத் தண்ணீரில் ஊறிவிட்டன. வெயிலில் வைக்கப் போன அம்மாவைத் தடுத்து, நிழலில் பல நாள் காயவிட்டோம். அப்புறம் ஒவ்வொன்றாகத் திறந்தேன். கேசட்டைக் கவிழ்த்தால் 5 ஸ்க்ரூ இருக்கும். கவிழ்த்துக் கழற்றிவிட்டு, அப்படியே நிமிர்த்திப் பிடித்து மேல்மூடியைத் தூக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்பிரிங் எங்கே தெறித்தது என்று கட்டிலுக்கடியில் தேட வேண்டியதுதான். டேப் எந்தெந்த உருளையைச் சுற்றிப் போகிறது என்று போனில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொண்டு, இரண்டு சுருளையும் அலுங்காமல் தூக்கி வேறொரு காலி கேசட் கூட்டில் மாற்றினேன். பழைய பக்திப் பாடல் வீடியோ கேசட் ஒன்று அதற்குப் பலியானது. ஆறில் நாலு ஓடியது. தம்பி காதுகுத்து போயே போய்விட்டது.

ராயபுரத்திலிருந்து

காம்போவை அவ்வளவு மட்டமாகச் சொல்ல வேண்டாம் என்று ஒரு சின்ன மனு. எங்கள் வீட்டில் 9 கேசட்டையும் காம்போவில்தான் மாற்றினோம். ஒயர் கிடையாது, ஒரே பட்டன், என் மாமியாரே செய்தார். கேசட் நல்ல நிலையில் இருந்தால் போதும். ஆனால் உள்ளே கேசட் பக்கம் கெட்டால் மொத்தப் பெட்டியையும் தூக்க வேண்டியிருக்கும், அது உண்மைதான்.

என்னைப் பாடாய்ப் படுத்தியது வேறு. அமெரிக்காவிலிருந்து பெரியப்பா மகன் 1998இல் அனுப்பிய இரண்டு கேசட். நம் ஊர் டிவி சிக்னல் பால் (PAL) என்ற முறை, 625 வரி. அவர்களுடையது என்டிஎஸ்சி (NTSC), 525 வரி. எங்கள் பழைய டெக்கில் டிவியில் நன்றாகத்தான் தெரிந்தது. அதை ரெக்கார்டரில் கொடுத்தால் கறுப்பு வெள்ளையாகி உருளுகிறது. நம் டிவிக்குப் புரிகிற மாதிரி டெக் ஒரு கலப்பட சிக்னலை அனுப்புகிறது. டிவி அதை ஏற்றுக்கொள்ளும், ரெக்கார்டர் ஏற்காது. அசல் என்டிஎஸ்சியையே வெளியே விடுகிற டெக் ஒன்று கிடைத்து, ரெக்கார்டர் மெனுவிலும் என்டிஎஸ்சி என்று மாற்றியபிறகுதான் கலர் வந்தது. வெளிநாட்டுச் சொந்தம் இருப்பவர்கள் வாங்குவதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து வருகிறவரிடம் அமெரிக்க ரெக்கார்டர் வாங்கி வரச் சொல்லிவிடாதீர்கள். 110 வோல்ட் ஒரு தொல்லை, பெரும்பாலும் பால் கேசட்டையும் ஏற்காது.

திருவொற்றியூரிலிருந்து

சின்ன அனுபவம்தான். ரெண்டு மணி நேரம் பதிந்து முடித்து, ஃபைனலைஸ் ஆகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. டிஸ்க் காலி. கம்ப்யூட்டர் யுபிஎஸ் ஒன்றை அதற்கு மாற்றியபிறகுதான் அடுத்த கேசட்டைத் தொட்டேன்.

பெரம்பூரிலிருந்து

தொண்ணூறுகளில் தோளில் எம்9000 கேமராவும், லைட் பிடிக்க ஒரு பையனுமாக இந்தப் பக்கத்தில் நிறையக் கல்யாணம் எடுத்தவன் என்பதால் இரண்டு விஷயம் சொல்லலாம்.

தம்பி, உங்கள் வீட்டில் இருப்பது அசல் கேசட்டா என்று கேட்டீர்களா? நாங்கள் எடுத்த கேசட் வேறு. அதை மிக்சரில் போட்டு, பூ விரிவது, இதயம் சுற்றுவது எல்லாம் சேர்த்து, சினிமாப் பாட்டு ஏற்றி மாஸ்டர் எடுப்போம். அதிலிருந்து பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று. மூன்றாவதாகச் சித்தப்பாவுக்கு வேண்டுமென்றால், மாஸ்டரில் வேறு கல்யாணம் ஏறியிருக்கும், அதனால் கையில் கிடைத்த காப்பியிலிருந்தே இன்னொரு காப்பி. ஒவ்வொரு இறக்கத்திலும் சிவப்புப் புடவையின் கலர் கரைந்து வெளியே வழியும். ரெக்கார்டருக்கு இன்னும் ஆயிரங்களைக் கொட்டினாலும் அது திரும்பாது. சம்பந்தி வீட்டுக் கேசட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், எது நல்ல காப்பி என்று அப்போதுதான் தெரியும்.

அடுத்தது, டெக். 2016 ஜூலையோடு ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் நிறுத்திக்கொண்டது, அதோடு உலகத்தில் புது விசிஆர் தயாரிப்பே முடிந்தது. இனி கிடைப்பதெல்லாம் பழசுதான். நல்ல டெக் இருந்தால் விட்டுவிடாதீர்கள். அதில் எஸ்-வீடியோ ஓட்டை இருந்தால் மஞ்சள் ஒயருக்குப் பதில் அதைப் பயன்படுத்துங்கள். பானாசோனிக் இஎஸ்10, இஎஸ்15 ரெக்கார்டர் எங்காவது கண்ணில் பட்டால் டிஸ்க் எழுதாவிட்டாலும் வாங்கலாம். டெக்குக்கும் இன்னொரு ரெக்கார்டருக்கும் நடுவில் வைத்து சும்மா கடத்தினாலே ஆடுகிற படம் நிற்கும். பழைய ஆட்கள் அதற்காகவே வைத்திருக்கிறார்கள்.

டிஸ்க்கை நம்பி கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நான் 2006இல் எழுதிய டிஸ்க் பாதி இப்போது ஓடவில்லை, 1992 கேசட் ஓடுகிறது. நான் டிவிடி ஆர்டபிள்யூவில்தான் பதிகிறேன். அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு இறக்கி, இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைத்துவிட்டு, அழித்து அதே டிஸ்க்கில் அடுத்தது. நாலு டிஸ்க்கில் நாற்பது கேசட் முடித்தேன்.

தண்டையார்பேட்டையிலிருந்து, மீண்டும்

பெரம்பூர் அண்ணன் சொன்னது நெஞ்சில் தைத்தது. எர்ணாவூரில் மாமா வீட்டுக்குப் போய்க் கேட்டேன். டிவி ஸ்டாண்டின் அடியில், பாலிதீன் கவரில் சுற்றி, அத்தனை பத்திரமாக ஒரு கேசட். பூஞ்சை இல்லை. கொண்டுவந்து எக்ஸ்பியில், ஹார்ட் டிஸ்க்கில் பதிந்தேன். இரண்டு கேசட்டையும் ஒரே இடத்தில் நிறுத்திப் பார்த்தால் வித்தியாசம் அப்படியே தெரிகிறது. எங்களுடையதில் அக்காவின் அரக்குப் புடவையும் பின்னால் இருந்த திரையும் ஒன்றாகக் கலந்திருக்கும். அவர்களுடையதில் ஜரிகையில் இருக்கிற மாங்காயை எண்ணலாம். அட்சதை ஒவ்வொன்றாக விழுகிறது. கூட்டத்துக்குப் பின்னால், தூண் ஓரமாக நைனா நின்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். முப்பது வருஷமாக இந்தக் கேசட்டைப் பார்த்திருக்கிறோம், எங்கள் காப்பியில் அந்த இடத்தில் ஒரு நிழல்தான் இருந்தது. அம்மா ரிமோட்டைக் கேட்டு வாங்கி மூன்று தடவை பின்னால் ஓட்டினார்.

வரவேற்பு ஆரம்பித்தது. மாமாவுக்குக் கோட்டு. ஒருவர் மொய்க் கவரை நீட்டுகிறார், திரை ஒரு குலுக்கு குலுங்குகிறது, வெங்கடேஷ் பிரசாத் பந்தோடு ஓடி வருகிறார்! 1996 உலகக் கோப்பை, பெங்களூரில் பாகிஸ்தானோடு ஆடிய காலிறுதி. கேசட்டின் முதுகில் இருக்கும் பிளாஸ்டிக் பல்லை உடைக்காமல் விட்டிருக்கிறார்கள், யாரோ மேலேயே ரெக்கார்ட் செய்திருக்கிறார்கள். யார் என்று மாமா வீட்டில் இன்னும் விசாரணை முடியவில்லை.

முகூர்த்தம் வரைக்கும் அவர்கள் கேசட், வரவேற்புக்கு எங்கள் கேசட் என்று வெட்டி ஒட்டிவிட்டேன். எஸ்பியில் இரண்டு டிஸ்க், கம்ப்யூட்டரில் ஒரு காப்பி, அக்காவிடம் ஒரு பென் டிரைவ். நேற்று மாமா போன் செய்தார். நன்றி சொல்லத்தான் என்று நினைத்தேன்.

"மச்சான், அந்த ஆமிர் சொஹைல் அவுட்டாகிற இடம் இருக்கே, அதை வெட்டித் தூக்கிப் போட்டுடலையே?"