ஜட்ஜ் மாறுனதால கெட்டுச்சா, இல்ல நல்லதாச்சா? சூப்பர் சிங்கர் பத்தி நம்ம மலைக்காரங்க பேசுங்க

அருவங்காடு தாத்தா
வணக்கம். நேத்து மத்தியானத்துல இருந்தே இங்க மழை, கரண்ட் வர்றதும் போறதுமா இருந்துச்சு, பேத்தியோட போர்வைக்குள்ள உக்காந்து டிவில பாட்டு போட்டி பாத்தேன். ஒரு பையன் சரணத்துல மேல போற இடத்துல சுருதிய விட்டுட்டான், எனக்கே கேட்டுச்சு, ஆனா ஜட்ஜ் எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டுறாங்க, ஒருத்தர் மேடைக்கே போய் கட்டிப்புடிக்கிறாரு. நான் 18 வருஷம் லைட் மியூசிக் ட்ரூப்ல பாடுனவன், மனசு ஆறல. 2006ல முதல் சீசன் ஞாபகம் இருக்கா? சின்மயி தொகுத்து வழங்குனாங்க, ஸ்ரீனிவாஸ், சுஜாதா, உன்னிகிருஷ்ணன் மூணு பேரும் ஜட்ஜ். தப்பு எந்த வரில, எந்த சுரத்துலன்னு சொல்லி, அவங்களே பாடியும் காட்டுவாங்க. அந்த வருஷம் நிகில் மேத்யூ ஜெயிச்சாரு. இப்ப ஆங்கர் ரெண்டு பேரு பேசுற நேரம்தான் பாட்டை விட அதிகமா இருக்கு. ஆள மாத்தி மாத்தி நிகழ்ச்சிய கெடுத்துட்டாங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

கோத்தகிரி குளிர்
தாத்தா உங்க வயசுக்கு மரியாதை, ஆனா இத ஒத்துக்க முடியாது. நீங்க சொல்ற அந்த பழைய காலத்துல கர்நாடக சங்கீதம் கத்துக்கிட்டு வந்த பிள்ளைங்களுக்குத்தான் அந்த மேடை, சுரத்த அசைச்சு பாடுற கமகம் தெரியாதவன் முதல் ரவுண்டுலயே வீட்டுக்கு வரணும். 2018ல செந்தில் கணேஷ் நாட்டுப்புறப் பாட்டு பாடியே ஜெயிச்சாரு, அடுத்த வருஷம் மூக்குத்தி முருகன், 2023ல அருணா, பெரியவங்க சீசன்ல ஜெயிச்ச முதல் பொண்ணு அவங்கதான். ஜட்ஜுங்க காது மாறாம இது நடந்திருக்குமா? தப்பட்டை சத்தம் கேட்டு எந்திரிச்சு ஆடுற ஜட்ஜ் வந்ததாலதான் நடந்துச்சு. எங்க ஊர்ல கோத்தர்னு நீலகிரி பழங்குடி மக்களோட வாத்தியம் வாசிக்கிற பெரியவங்க இருக்காங்க, கொள்னு சொல்ற ஊதுகுழல வாயில வெச்சு மூச்சு விடாம ஊதுவாங்க, அவங்ககிட்ட போய் காந்தார சுரம் எங்கன்னு கேட்டா என்ன சொல்லுவாங்க? அதுவும் சங்கீதம்தானே.

அருவங்காடு தாத்தா
தம்பி நான் நாட்டுப்புறப் பாட்டுக்கு எதிரி இல்ல. நாட்டுப்புறப் பாட்டுக்கும் சுருதி உண்டு, கோத்தர் வாத்தியத்துக்கு ரொம்பவே உண்டு. கை தட்டுங்க, வேணாம்னு சொல்லல. தட்டிட்டு தப்பையும் சொல்லுங்கன்னுதான் கேக்குறேன்.

குன்னூர் டீச்சர்
ரெண்டு பேரும் ஆங்கரையும் ஜட்ஜையும் ஒரே மூட்டையில கட்டுறீங்க. ஆங்கர் மாறுனது வேற கதை. நான் ஸ்கூல்ல ஆண்டு விழாவுக்கு பிள்ளைங்கள மேடை ஏத்துறவ, சொல்றேன் கேளுங்க, பத்து வயசு பிள்ளைக்கு பாட்டு தெரிஞ்சிருந்தாலும் மைக் முன்னாடி போனதும் தொண்டை காஞ்சிடும். சின்ன பிள்ளைங்களுக்கான சூப்பர் சிங்கர் ஜூனியர்ல சிவகார்த்திகேயன் ஆங்கரா இருந்தப்ப, அப்புறம் மா கா பா ஆனந்த், பாவனா, பிரியங்கான்னு வந்தப்ப, பிள்ளைங்கள சிரிக்க வெச்சு அந்த பயத்த எடுத்தாங்க. சின்மயி பாடகி, அவங்க பாட்டுக்காரங்க மாதிரி அளவா பேசுனாங்க, அது பெரியவங்க போட்டிக்கு சரி. சின்ன பிள்ளைக்கு விளையாட்டு வேணும். ஜூனியர் 2ல சித்ராம்மா, மனோ, மால்குடி சுபா மூணு பேரும் ஜட்ஜா இருந்தப்ப சித்ராம்மா எவ்ளோ மெதுவா தப்ப சொல்லுவாங்க, பிள்ளை அழாது, ஆனா அடுத்த வாரம் திருத்திட்டு வரும். அல்கா அஜித் அந்த சீசன்லதான் ஜெயிச்சா. அன்பா இருந்தாலே தரம் போயிடும்னு இல்லங்க.

அப்புறம் தாத்தாவுக்கு ஒரு கேள்வி. உன்னிகிருஷ்ணன் 2006லயும் இருந்தாரு, 2021ல ஸ்ரீதர் சேனா ஜெயிச்ச எட்டாவது சீசன்லயும் இருந்தாரு. ஸ்ரீனிவாஸும் எங்கயும் போகல, ஜீ தமிழ் சரிகமபல ஜட்ஜா உக்காந்தாரு. அதே ஆள், அதே காது. அப்ப ஆள் மாறுனதாலதான் கெட்டுச்சுன்னு எப்படி சொல்றீங்க?

அருவங்காடு தாத்தா
நல்ல கேள்வி டீச்சர். நைட்டு பூரா யோசிச்சேன். அவங்க இப்பவும் சொல்லிட்டுதான் இருப்பாங்க போல, நமக்கு வர்றதுக்கு முன்னாடி வெட்டிடுறாங்களோ என்னவோ. அழுகைக்கு நேரம் இருக்கு, திருத்தத்துக்கு நேரம் இல்ல. ஆளை குத்தம் சொன்னது என் தப்பு, வாபஸ். நேரம் எதுக்கு போகுதுங்கிறதுதான் என் ஆதங்கம்.

கோத்தகிரி குளிர்
ஆனா அந்த அழுகைய மட்டமா பேசாதீங்க தாத்தா. ஒரு கூலிக்காரர் வீட்டு பையன் அம்மாவை மேடைக்கு கூட்டிட்டு வந்து நிறுத்துறான்னா எங்க வீட்ல எல்லாரும் டம்ளரை கீழ வெச்சுட்டு பாப்போம். பாட்டு மட்டும் கேக்கணும்னா ரேடியோ இருக்கு.

பந்தலூர் மழைச்சாரல்
நான் இது வரைக்கும் படிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன், இப்ப எழுதணும்னு தோணுது. எங்க குடும்பம், இலங்கைத் தோட்டத் தமிழர இந்தியாவுக்கு அனுப்புன 1964 சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் கண்டி பக்கத்துல இருந்து வந்து டான்டீங்கிற அரசு தேயிலைத் தோட்டத்துல வேலைக்கு சேந்தவங்க. தோட்டத்துல வரிசையா கட்டுன லயன் வீடு. இங்க பாட்டு வாத்தியார்னு ஒருத்தர் கிடையாது, ஊட்டிக்கு போய் கத்துக்கணும்னா அம்மாவோட ஒரு நாள் கூலி பஸ்சுக்கும் சாப்பாட்டுக்குமே போயிடும். எனக்கு பாட்டு சொல்லிக் குடுத்தது டிவிதாங்க. நிஜமா சொல்றேன். ஜட்ஜ் யாராவது "இந்த வரி முடியிறதுக்கு முன்னாடியே மூச்சு எடுத்துட்டே, அதான் கடைசி எழுத்து விழுந்துடுச்சு"ன்னு சொன்னா நான் நோட்ல எழுதி வெச்சுக்குவேன், மறுநாள் தண்ணி புடிக்க போறப்ப அதே வரிய பாடி பாப்பேன். அனந்த் வைத்தியநாதன் சார் குரல் பயிற்சி குடுக்குறத காட்டுவாங்கல்ல, அப்ப அம்மா கூப்ட்டா கூட எந்திரிக்க மாட்டேன். ஒரு நோட்டு ரொம்பிடுச்சு. இப்ப நாலு வாரம் பாத்தா ஒரு வரி கூட எழுத கிடைக்கல. "சூப்பர்மா, புல்லரிச்சிடுச்சு"ங்கறத நான் நோட்ல எப்படி எழுதுறது? சென்னைல இருக்கிறவங்களுக்கு வாத்தியார் வீடு அடுத்த தெருல இருக்கு, அவங்களுக்கு இந்த நிகழ்ச்சி பொழுதுபோக்கு. எனக்கு அதுதான் கிளாஸ்.

கோத்தகிரி அண்ணா சொல்றதும் எனக்கு புரியுது. எங்க தாத்தா இலங்கையில இருந்தப்ப காமன் கூத்துங்கிற தோட்டத்து நாட்டுப்புறக் கூத்துக்கு பாடுவாராம், அந்த பாட்டு ரெண்டு எனக்கும் வரும். அருணா அக்கா ஜெயிச்ச அன்னிக்கு எங்க லயன்ல பட்டாசு வெடிச்சோம். அதனால எந்த பக்கம் சேர்றதுன்னு தெரியல.

கோத்தகிரி குளிர்
தங்கச்சி, நீ எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன். நான் இந்த பக்கம் யோசிக்கவே இல்ல. தாத்தா கேட்டது சரிதான், தப்ப சொல்லணும். ஆனா ஒண்ணுல நான் மாற மாட்டேன், சொல்றவர் நம்ம பாட்டும் தெரிஞ்சவரா இருக்கணும். எங்க சித்தி பையன் கோயம்புத்தூர்ல ஒரு ஆடிஷனுக்கு போனான், எந்த சேனல்னு வேணாம். நம்ம நீலகிரி படுகர் மொழிப் பாட்டு ஆரம்பிச்சான், ரெண்டு வரில நிறுத்தி "சினிமா பாட்டு ஏதாவது தெரியுமா"ன்னுட்டாங்க. அந்த பாட்டோட மெட்டு எப்படி போகும்னு தெரிஞ்ச ஒரு ஆளாவது அங்க உக்காந்திருந்தா ஒரு சரணமாவது கேட்டிருப்பாரு. திரும்பி வர்றப்ப மேட்டுப்பாளையத்துல இருந்து மேல வர்ற வரைக்கும் அவன் வாயே தொறக்கல.

குன்னூர் டீச்சர்
அந்த பையன இன்னும் பாட விடுங்க தம்பி, நிறுத்திட வேணாம். மழைச்சாரல், நீ ஆடிஷன் போறியா?

பந்தலூர் மழைச்சாரல்
போகணும்னு ஆசை டீச்சர். எந்த ஸ்கேல்ல பாடுறேன்னே எனக்கு தெரியாது, கரோக்கி போட்டா சில சமயம் கீழ போயிடுது. பயமா இருக்கு.

அருவங்காடு தாத்தா
பாப்பா, என்கிட்ட ஒரு பழைய ஆர்மோனியம் இருக்கு, ரெண்டு கட்டை சத்தம் வராது, மத்தது சரியா இருக்கு. ஒரு ஞாயித்துக்கிழமை அம்மாவையும் கூட்டிட்டு வா. கூடலூர்ல இருந்து ஊட்டி வந்து பஸ் மாறிக்கலாம், லேட்டானா இங்கயே தங்கிக்கோங்க, எங்க வீட்ல பாட்டி இருக்கா. உன் ஸ்கேல் எதுன்னு பத்து நிமிஷத்துல பாத்துடலாம். அந்த நோட்டையும் எடுத்துட்டு வா, எனக்கும் படிக்கணும்.

கோத்தகிரி குளிர்
காமன் கூத்து பாட்டையும் பாடிக் காட்டு தங்கச்சி, தாத்தா சினிமா பாட்டே போதும்னு சொன்னாலும் விடாத.

அருவங்காடு தாத்தா
அதைத்தான் முதல்ல கேப்பேன் தம்பி. நீயும் அந்த பையன கூட்டிட்டு வா.