தூக்க நிலை கரண்ட்டை அளக்கும்போது போர்டு ரீசெட் ஆகிறது

கேள்வி: நாமே டிசைன் செய்த 3.3 வோல்ட் போர்டு. தூக்கத்தில் (மின்சாரம் மிச்சப்படுத்தும் நிலையில்) 10 மைக்ரோஆம்ப், ரேடியோ விழித்தால் 100 மில்லிஆம்ப் எதிர்பார்ப்பு. மல்டிமீட்டரை மைக்ரோஆம்ப் ரேஞ்சில் தொடராக வைத்தால், ரேடியோ கிளம்பியதும் ரீசெட். ஏன்?

பதில் 1: மீட்டருக்குள் இருக்கும் ஷன்ட்தான் (கரண்ட்டை அளக்க வைத்த ரெசிஸ்டர்) காரணம். அது 100 ஓம் என்று வைத்தாலே 100 மில்லிஆம்புக்கு 10 வோல்ட் விழ வேண்டும். உங்களிடம் இருப்பதே 3.3! மீட்டரின் இரு முனைகளையும் ஜம்பரால் ஷார்ட் செய்து பூட் ஆக விடுங்கள். தூங்கிய பிறகு ஜம்பரை எடுத்து ரீடிங் பாருங்கள். விழிக்கும் முன் மறுபடி மாட்டிவிடுங்கள்.

பதில் 2: தூக்கத்துக்கு அது போதும். ரேடியோ பல்ஸுக்கு, பாசிட்டிவ் லைனில் 1 ஓம், 1% ரெசிஸ்டர் போட்டு ஆசிலோஸ்கோப்பில் பாருங்கள்: 100 மில்லிஆம்புக்கு 100 மில்லிவோல்ட். கிரவுண்ட் கிளிப்பை அந்த ரெசிஸ்டரில் மாட்டாதீர்கள். சப்ளை எர்த்தோடு இணைந்திருந்தால் நேரே ஷார்ட்தான். ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் ஒவ்வொரு புரோப் வைத்து, இரண்டு ரீடிங்கையும் கழித்துப் பாருங்கள்.

கேட்டவர்: நன்றி சார். 0.1 ஓம் ஷன்ட் உள்ள ஐஎன்ஏ219 மாட்யூல் (கரண்ட் அளக்கும் சிப்) தூக்கம், பல்ஸ் இரண்டுக்கும் சேர்த்து உதவுமா?

பதில் 2: பல்ஸுக்கு ஓரளவு. அது பிரித்துக் காட்டும் மிகச் சிறிய படியே 10 மைக்ரோவோல்ட், அதாவது 100 மைக்ரோஆம்ப். உங்கள் தூக்க கரண்ட் அதில் பூஜ்யமாகத்தான் தெரியும்.