ஆல்-வெஸ்டர்ன் பட்டத்துக்கு எவ்வளவு மதிப்பு கொடுக்கலாம்?

பழுப்புத்தாள்:
1900-களின் கல்லூரி அமெரிக்கக் கால்பந்து வீரர் யாரைப் பற்றிப் படித்தாலும், பெயருக்குப் பக்கத்தில் "ஆல்-வெஸ்டர்ன்" என்று ஒரு பட்டம் இருக்கிறது. அமெரிக்காவின் மேற்கில் (இன்றைய மிட்வெஸ்ட் பகுதி) அந்த சீசனின் சிறந்த 11 பேரில் ஒருவர் என்று அர்த்தம். இன்று பிக் டென் என்கிறோமே, அந்த வெஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் என்ற பல்கலைக்கழக விளையாட்டுக் கூட்டமைப்பு 1896-ல் 7 பல்கலைக்கழகங்களோடு தொடங்கியது. ஆனால் இந்தப் பட்டம் பத்திரிகைக்காரர்களும் கோச்களும் ஆளாளுக்கு 11 பேரை எழுதி அச்சேற்றியது. ஒரு கான்ஃபரன்ஸின் சிறந்த வீரர்களுக்குக் கிடைக்கும் இன்றைய ஆல்-கான்ஃபரன்ஸ் கௌரவத்தோடு இதை ஒரே வரிசையில் வைப்பது தப்பு.

ஓரக்காவல்:
ஆளாளுக்கு எழுதியது என்றால் நாடு முழுவதற்குமான சிறந்த அணி என்று கால்பந்து எழுத்தாளர் வால்டர் கேம்ப் போட்ட ஆல்-அமெரிக்கா மட்டும் என்னவாம்? 1889-ல் வந்த முதல் பட்டியலில் பிரின்ஸ்டன் 5, யேல் 3, ஹார்வர்ட் 3. அவ்வளவுதான் அமெரிக்கா! மேற்கிலிருந்து ஒருவர் கேம்பின் முதல் அணிக்குள் நுழைய 1898 ஆகிவிட்டது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் கிளாரன்ஸ் ஹெர்ஷ்பெர்கர்தான் அவர். 1901 சீசனில் மிச்சிகன், சீசன் முடிவில் ஆடிய ரோஸ் பவுல் ஆட்டத்தையும் சேர்த்து 550 புள்ளிகள் எடுத்தது, ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்கவில்லை. அந்த வருஷக் கேம்ப் முதல் அணியில் மிச்சிகன்காரர் ஒருவர்கூடக் கிடையாது. அவர்கள் ஆட்டத்தை நேரில் பார்த்தவர்கள் எழுதிய பட்டியலை நான் எப்படித் தள்ளுவேன்?

பழுப்புத்தாள்:
கேம்ப் செய்தது ஓரவஞ்சனைதான், சரி. அதற்காக இன்னொரு ஓரவஞ்சனையை ஏற்க வேண்டுமா? வால்டர் எக்கர்சாலைப் பாருங்கள். 1906 வரை சிகாகோவின் நட்சத்திர குவார்ட்டர்பேக், அதாவது அணியின் தாக்குதலை நடத்துகிறவர். அப்புறம் சிகாகோ ட்ரிப்யூனில் விளையாட்டு எழுத்தாளர். அதே காலத்தில் ஆட்டங்களுக்கு நடுவராகவும் இறங்கினார். சீசன் முடிந்தால் ஆல்-வெஸ்டர்ன் அணியையும் அவரே எழுதுவார். விசில் ஊதுகிறவரே மார்க்கும் போடுவது என்ன நியாயம்? தெற்கிலும் இதே கதைதான். ஜான் ஹைஸ்மன் ஜார்ஜியா டெக் கோச்சாக இருந்துகொண்டே ஆல்-சதர்ன் அணி போட்டார்.

தென்கரை:
நடுவர் என்பதை நீங்கள் குறையாகச் சொல்கிறீர்கள். எனக்கு அதுதான் பலமாகத் தெரிகிறது. வீடியோ இல்லாத காலம் அண்ணா. 22 பேரையும் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தவர் வேறு யார்?

மினசோட்டாவின் பாபி மார்ஷலை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பின வீரர், எண்ட் என்கிற வரிசையின் ஓர இடத்தில் ஆடியவர். 1906-ல் சிகாகோவுக்கு எதிரான ஆட்டம். மழை, மைதானம் முழுக்கச் சேறு. அதில் நின்று வெகு தூரத்திலிருந்து பந்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்து ஒரு ஃபீல்ட் கோல் போட்டார். அப்போது ஃபீல்ட் கோலுக்கு 4 புள்ளி. மினசோட்டா 4, சிகாகோ 2. எதிரணியில் இருந்தது இதே எக்கர்சால். அந்த வருஷம் கேம்பின் முதல் அணியில் எக்கர்சாலுக்கு இடம் உண்டு, மார்ஷலுக்கு இல்லை. மார்ஷலை ஆல்-வெஸ்டர்ன் என்று எழுதியது மேற்குப் பத்திரிகைகள். கல்லூரிக் கால்பந்துப் புகழ் மண்டபம் எக்கர்சாலை 1951-ல் சேர்த்தது. மார்ஷலுக்கு 1971 வரை கதவு திறக்கவில்லை. அவரைக் கண்டுகொண்ட அந்தப் பழைய பட்டியல்களையும் ஒதுக்கினால் என்ன மிஞ்சும்?

பழுப்புத்தாள்:
மார்ஷல் விஷயத்தில் உங்கள் பக்கம் நிற்கிறேன். ஆனாலும் வெறும் "ஆல்-வெஸ்டர்ன், 1906" என்று எழுதாதீர்கள். எந்தப் பத்திரிகை, யார் தேர்ந்தெடுத்தது என்று பக்கத்திலேயே போடுங்கள். நோட்ர டேம் போலக் கான்ஃபரன்ஸுக்கு வெளியே இருந்தவர்களும் ஆல்-வெஸ்டர்னில் வருவார்கள், அந்த வேறுபாடும் தெரிய வேண்டும்.

ஓரக்காவல்:
அதற்குச் சம்மதம். கேம்ப் போட்ட அணிக்கும் அதே மாதிரி "கேம்பின் தேர்வு" என்றே எழுதுவோம்.