ஊர் மாறியதும் சிலிர்த்து நிற்கும் கூந்தல்: எண்ணெயா, கண்டிஷனரா?

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் பிறந்து வளர்ந்த நான், வேலையின் பொருட்டு இந்த ஆண்டு சென்னை வேளச்சேரியில் குடியேறியிருக்கிறேன். என் கூந்தல் இயல்பிலேயே அலையலையானது. ஊரில் இருந்தவரை சிறுவாணித் தண்ணீரில் அரப்பு தேய்த்துக் குளித்து, முடி காய்ந்ததும் சிறிது தேங்காய் எண்ணெய் தடவிப் பின்னிக்கொண்டால் மாலை வரை அடங்கியே இருக்கும். இங்கும் அதே அரப்பையும் அதே செக்கெண்ணெயையும்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் நெற்றியோரத்திலும் உச்சியிலும் முடி தனித்தனியே சிலிர்த்து நின்று, தலையே வாராதது போலப் பரட்டையாகிவிடுகிறது. எண்ணெயைக் கூட்டிப் பார்த்தால் பிசுபிசுப்புதான் கூடுகிறதே தவிர, சிலிர்ப்பு அடங்குவதில்லை. எங்கள் குடியிருப்பில் வருவது ஆழ்துளைக் கிணற்று நீர். வாளியின் உட்புறத்தில் வெள்ளையாகப் படிந்துவிடுகிறது.

எண்ணெயை அறவே விட்டுவிட்டுக் கண்டிஷனருக்கு மாறச் சொல்கிறார்கள் உடன் பணிபுரிபவர்கள். கண்டிஷனர் முழுக்க ரசாயனம், முடி கொட்டிவிடும் என்கிறார் அம்மா. பார்லரிலோ, முடியை நேராக்கும் கெரட்டின் சிகிச்சை செய்துகொண்டால் பல மாதங்களுக்குக் கவலையே இல்லை என்கிறார்கள். இவற்றுள் எதை நம்புவது?

ஈரக்காற்று எழுதியது:

சகோதரி, உங்கள் எண்ணெயிலும் குறையில்லை, அரப்பிலும் குறையில்லை. காற்றும் தண்ணீரும் மாறியிருக்கின்றன; அதற்கேற்ப எண்ணெய் வைக்கும் நேரத்தை நீங்கள் மாற்றவில்லை, அவ்வளவுதான்.

ஒவ்வொரு முடியின் மேலும் ஓடு வேய்ந்த கூரை போல மெல்லிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. அவற்றுக்கு உள்ளே இருக்கும் கெரட்டின் என்னும் புரதம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. காற்று ஈரத்தால் நிறைந்திருக்கும்போது முடி தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு அளவுக்கு நீரை ஏற்றுக்கொள்ளும். அப்படி ஏற்கும்போது, தலைவாரிக் காயவைத்த நிலையில் முடியின் வடிவத்தைப் பிடித்துவைத்திருந்த ஹைட்ரஜன் பிணைப்புகள் அறுந்து வேறிடங்களில் மறுபடி அமைகின்றன. ஒவ்வொரு முடியும் தன் இயல்பான வளைவுக்குத் தனித்தனியே திரும்புகிறது. அதைத்தான் நீங்கள் பரட்டை என்கிறீர்கள். கோவையின் காற்றில் பெரிதாகத் தெரியாத இது, கடலோரச் சென்னையில் வாசலைத் தாண்டியதுமே தொடங்கிவிடும்.

தேங்காய் எண்ணெயின் உண்மையான வலிமை குளிப்பதற்கு முன்புதான். அதிலுள்ள கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். அளவில் சிறியதாகவும் நேரான சங்கிலியாகவும் இருப்பதால் அது முடியின் உள்ளே ஊடுருவிச் செல்லும். மும்பையில் செய்யப்பட்டு 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டபோது, குளிப்பதற்கு முன்பு தடவினாலும் பின்பு தடவினாலும் முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றுதான். (ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) உள்ளே சென்ற எண்ணெய், குளிக்கும்போது முடி நீரால் உப்பிச் செதில்கள் தூக்கிக்கொள்வதைக் குறைக்கிறது. ஆகவே முதல்நாள் இரவோ, குளிப்பதற்குச் சில மணி நேரம் முன்போ, முடியின் நீளத்திற்கும் நுனிக்கும் மட்டும் ஒன்றிரண்டு தேக்கரண்டி எண்ணெய் தடவுங்கள். காய்ந்து சிலிர்த்துவிட்ட முடியின் மேல் எண்ணெயைப் பூசினால் அது முடிகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்குமே தவிர, நேர்ந்துவிட்ட வளைவை நிமிர்த்தாது. உங்கள் பிசுபிசுப்புக்கும் அதுவே காரணம்.

கண்டிஷனர் செய்யும் வேலை முற்றிலும் வேறு. கழுவிய முடியின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருக்கும்; சேதமடைந்த பகுதிகளில் அது இன்னும் கூடுதல். கண்டிஷனரில் உள்ள செட்ரிமோனியம் குளோரைடு, பெஹென்ட்ரிமோனியம் குளோரைடு போன்றவை நேர்மின்னூட்டம் கொண்டவை என்பதால், எங்கே சேதம் அதிகமோ அங்கேயே அதிகமாகப் போய் ஒட்டிக்கொள்கின்றன. முடியும் முடியும் உரசுவது குறைகிறது, சிக்கும் குறைகிறது. லேபிளில் செட்டில் ஆல்கஹால் என்ற பெயரைக் கண்டு முடியை உலர்த்திவிடும் சாராயம் என்று அஞ்ச வேண்டாம். அது மெழுகு போன்ற கொழுப்புப் பொருள். முடி கொட்டும் என்ற அச்சத்திற்கும் அடிப்படையில்லை. உங்கள் அம்மாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். ஊரில் நம் பெரியவர்கள் அரைத்துத் தேய்த்த செம்பருத்தி இலையின் கொழகொழப்பும் முடியை வழுக்கச் செய்து சிக்கெடுக்கத்தானே பயன்பட்டது!

இன்னொன்று: லேபிளில் கிளிசரின் முதல் சில பொருள்களுள் ஒன்றாக உள்ள சீரம்களை ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் தவிர்த்துவிடுங்கள். காற்றின் ஈரத்தை அவை முடிக்குள் இன்னும் இழுத்துவரும். டைமெத்திக்கோன் போன்ற சிலிக்கோன் கலந்தவையே அந்தப் பருவத்திற்கு ஏற்றவை.

செம்பருத்தி எழுதியது:

மேலே எழுதியவர் தண்ணீரைப் போகிற போக்கில் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். பல ஆண்டுகளாகச் சென்னையில் ஆழ்துளைக் கிணற்று நீரில் குளித்துவருபவள் என்ற முறையில், எனக்கு அதுதான் முதற்காரணமாகப் படுகிறது.

வாளியில் படிவது கால்சியம், மக்னீசிய உப்புகள். அதே உப்புகள் உங்கள் முடியின் மேலும் படிகின்றன. அதனால் முடி சொரசொரப்பாகி மங்கிப்போகிறது. அதன்மேல் நீங்கள் எதைத் தடவினாலும் முழுப் பயன் கிடைப்பதில்லை. குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மை, அதாவது நீரில் கரைந்துள்ள இந்த உப்புகளின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேறு நீர் கிடைக்காதபோது 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. கடினத்தன்மை காட்டும் சோதனைத் தாள்கள் இணையக் கடைகளில் கிடைக்கின்றன. முதலில் உங்கள் நீரைச் சோதித்துப் பாருங்கள், தங்கச்சி.

அரப்பை விட்டுவிட வேண்டாம். அதில் நுரை தருவது சபோனின் என்பதால், சோப்புக்கட்டி உப்புநீரில் திரிந்து பிசின் போலப் படிவதைப் போல அது படியாது. ஆனால் ஏற்கெனவே படிந்திருக்கும் உப்பை எடுக்கும் ஆற்றலும் அதற்கு இல்லை. மாதம் ஒருமுறை இ.டி.டி.ஏ. என்னும், உப்பைப் பிடித்து அகற்றும் பொருள் உள்ள, உப்புப்படிவை நீக்குவதற்கென்றே விற்கப்படும் ஷாம்பூவைப் பயன்படுத்துங்கள். மற்ற நாள்களில் தலையைக் கடைசியாக அலசும் தண்ணீருக்கு மட்டும் மழைநீரையோ, வடிகட்டிய நீரையோ ஒரு வாளி ஒதுக்கிக்கொண்டால் போதும். நீரைக் கொதிக்கவைத்தால் பைகார்பனேட் உப்புகளால் வரும் தற்காலிகக் கடினத்தன்மை மட்டுமே போகும். அதற்காக எரிவாயுவை வீணாக்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு நல்லெண்ணெய் வைக்கும் வழக்கம் உங்களுக்கு இருந்தால் தாராளமாகத் தொடருங்கள், அது உடலுக்கு இதமானது. ஆனால் அது தேங்காய் எண்ணெய் அளவுக்கு முடிக்குள் இறங்குவதில்லை, மேற்பரப்பில் தங்குவதே அதிகம். விளக்கெண்ணெயைத் தனியாக மட்டும் தடவவே தடவாதீர்கள். அதன் பிசுக்கில் நீள்கூந்தல் அவிழ்க்கவே முடியாதபடி ஒரே திரளாக இறுகிப்போய் வெட்ட நேர்ந்த நிகழ்வுகூட மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

மருந்தாளுநர் எழுதியது:

கெரட்டின் சிகிச்சையைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். பெயரில் கெரட்டின் இருந்தாலும், முடியை நேராக்கி நிறுத்துவது பெரும்பாலும் அந்தப் புரதம் அல்ல. ஃபார்மால்டிஹைடு அல்லது சூட்டில் அதை வெளியிடும் மெத்திலீன் கிளைக்கால் போன்ற பொருள்கள், சூடான இஸ்திரிக் கருவியின் வெப்பத்தில் முடியின் புரதச் சங்கிலிகளைக் குறுக்காகப் பிணைத்துவிடுகின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதற்பிரிவில் வைத்திருக்கிறது. மூடிய குளிர்சாதன அறையில் அந்தப் புகையை நீங்கள் ஒருநாள் சுவாசிக்கிறீர்கள். அங்கே வேலை பார்க்கும் பெண்ணோ நாள்தோறும் சுவாசிக்கிறாள்.

ஃபார்மால்டிஹைடு இல்லாதவை என்று விற்கப்படுபவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் உள்ளதா என்று கேளுங்கள். அது கலந்த பசையால் முடியை நேராக்கிக்கொண்ட 26 வயதுப் பெண்ணுக்கு, 2020, 2021, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளில் செய்துகொண்ட மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை, 2024-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் வெளியிட்டது. அந்த அமிலம் உடலுக்குள் ஆக்சலேட்டாக மாறிச் சிறுநீரகத்தில் படிகங்களாகப் படிவதாக எலிகளில் செய்த சோதனை காட்டுகிறது. பார்லரில் புட்டியின் லேபிளைக் காட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பொடுகு உள்ளவர்கள் மேலே சொன்ன இரவு எண்ணெயை உச்சந்தலையில் படாமல் வைத்துக்கொள்ள வேண்டும். பொடுகோடு தொடர்புடைய மலசீசியா என்னும் பூஞ்சைக்கு எண்ணெய்க் கொழுப்பே உணவு.

நொய்யல்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. பார்லர் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். எனக்குப் பொடுகு இல்லை. ஒரே ஓர் ஐயம்: கண்டிஷனரை உப்புநீரில் அலசும்போது வழவழப்பு போகவே மாட்டேன் என்கிறது. முழுவதும் போகும்வரை அலச வேண்டுமா?

ஈரக்காற்று எழுதியது:

வேண்டியதில்லை. உச்சந்தலையில் படாமல் காதுக்குக் கீழே மட்டும் தடவி, அது முடியில் இருக்கும்போதே பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிறிது சிறிதாகச் சிக்கெடுத்துவிட்டு, லேசான வழவழப்பு மிஞ்சும்படி அலசினால் போதும். பிறகு தேங்காய்ப்பூத் துண்டால் தேய்த்துத் துவட்டாமல், மெல்லிய ஈரிழைத் துண்டால் ஒற்றி எடுங்கள். அரை ஈரமாக இருக்கும்போதே தளர்வாகப் பின்னிவிடுங்கள். முற்றிலும் காய்ந்த பிறகு சீப்பைத் தொட்டால், அலையலையான முடி அங்கேயே மறுபடி சிலிர்த்துக்கொள்ளும். செம்பருத்தி அவர்கள் சொன்ன நீர்ச்சோதனையின் முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள். கடினத்தன்மை 600-ஐத் தாண்டியிருந்தால், குடியிருப்போர் சங்கத்தில் நீரை மென்மையாக்கும் கருவியைப் பற்றிப் பேசுவதே நல்லது.