ஏழு வாரக் கர்ப்பம்: சுகர் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி

தங்கைக்கு வயது 32, நான்கு வருடமாக டைப் 2 சுகர். நாள் தள்ளிப்போய், நேற்று ஸ்கேனில் ஏழு வாரம் என்று உறுதியானது. போட்டு வந்தவை: காலை, இரவு மெட்ஃபார்மின் 500, காலையில் கிளிமிபிரைடு 1 மி.கி., டாபாகிளிஃப்ளோசின் 10 மி.கி., பிரஷருக்கு டெல்மிசார்டன் 40, கொழுப்புக்கு இரவில் அடோர்வாஸ்டாடின் 10. போன மாதம் ஹெச்பிஏ1சி (மூன்று மாத சராசரி சுகர்) 7.8. "மாத்திரை பிள்ளைக்கு ஆகாது, எல்லாத்தையும் நிறுத்து" என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னதால் நேற்று இரவிலிருந்து எதுவும் போடவில்லை. இன்று காலை வெறும் வயிற்றில் 168. டாக்டரைப் பார்ப்பது வியாழக்கிழமைதான். அதுவரை என்ன செய்வது? இதுவரை போட்டதால் கருவுக்குக் கெடுதல் வந்திருக்குமா?

பதில் (மருந்தாளுநர்)

வியாழன் வரை காத்திருக்க வேண்டாம் சகோதரி. இன்றே டாக்டருக்கு போன் செய்து, ஏழு வாரம் என்பதையும் இந்த ஐந்து மருந்தின் பெயரையும் 168 என்ற எண்ணையும் சொல்லுங்கள். போன் கிடைக்காவிட்டால் மகப்பேறு பிரிவு உள்ள அரசு மருத்துவமனைக்கு நேரே போய்விடுங்கள்.

அவசரம் ஏன் என்றால், குழந்தையின் இதயமும் முதுகுத்தண்டும் உருவாவது இந்த வாரங்களில்தான். இந்த நேரத்தில் தாயின் சுகர் ஏறி நிற்பதே உறுப்புக் குறைபாட்டுக்கும் கரு கலைவதற்கும் பெரிய காரணம். பெரியவர்கள் பயப்படுவது பிள்ளை மேல் உள்ள பாசத்தால்தான். ஆனால் ஐந்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி நிறுத்தியதுதான் தவறு. ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேறு.

மெட்ஃபார்மின் நஞ்சுக்கொடி தாண்டிக் குழந்தைக்குப் போகும், உண்மை. ஆனால் முதல் மூன்று மாதத்தில் அதனால் உறுப்புக் குறைபாடு கூடுவதாகத் தெரியவில்லை. பெரும்பாலும் இதைத் தொடரச் சொல்வார்கள். வாந்தி அதிகமானால் மட்டும் டோஸைக் குறைப்பார்கள், அல்லது மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றுவார்கள்.

கிளிமிபிரைடுக்குப் பதில் இன்சுலின் வரும். ஊசி கைக்கு வரும் முன் இதை விட்டால் சுகர் ஏறும். அதனால் எந்த நாளில் மாற்றுவது என்று டாக்டரிடமே கேளுங்கள்.

டாபாகிளிஃப்ளோசின் கர்ப்பத்தில் கூடாது. மசக்கையில் சாப்பிடாமல் இருக்கும்போது இதைப் போட்டால் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலப் பொருள் ஏறும். அப்போது சுகர் எண் சாதாரணமாகக் காட்டினாலும் உயிருக்கு ஆபத்து வரலாம். டெல்மிசார்டனை கர்ப்பம் தெரிந்த உடனே மாற்ற வேண்டும். பிந்தைய மாதங்களில் அது குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுத்து, பனிக்குட நீரை வற்றவைக்கும். அதற்காக பிரஷர் மாத்திரையே இல்லாமலும் இருக்கக் கூடாது. லேபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா ஆகியவற்றில் ஒன்று கொடுப்பார்கள். அடோர்வாஸ்டாடினைப் பொதுவாக நிறுத்திவிடுவார்கள்.

இதுவரை போட்டதற்காகக் கருவைக் கலைக்க யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். 18 முதல் 20 வாரத்துக்குள் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேனும் குழந்தையின் இதய ஸ்கேனும் எடுத்துப் பார்ப்பதுதான் முறை. ஃபோலிக் ஆசிட் 5 மி.கி. 12 வாரம் வரை தினம் ஒன்று. உங்கள் பட்டியலில் அது இல்லை, இன்றே கேட்டு ஆரம்பியுங்கள்.

கேள்வி கேட்டவர்

நன்றி அண்ணா. டாக்டரிடம் பேசிவிட்டோம். மெட்ஃபார்மினைத் தொடரச் சொல்லி, நாளை முதல் இன்சுலினும் என்றார். ஊசி ஆரம்பித்தால் ஆயுளுக்கும் விட முடியாது என்கிறார்களே? வீட்டிலேயே போட என்ன கவனிக்க வேண்டும்?

பதில் (சுகர் கிளினிக் செவிலியர்)

அது வெறும் பயம் தங்கச்சி. உடம்பிலேயே சுரக்கும் பொருள்தான் இன்சுலின், பழக்கமாகிவிடாது. நஞ்சுக்கொடி தாண்டிக் குழந்தைக்குப் போவதும் இல்லை. அதனால்தான் கர்ப்பத்தில் முதலில் கை வைப்பது இதில்.

வீட்டில் நடக்கும் பெரிய தவறு சிரிஞ்சில். நம் ஊர் மருந்துக்கடையில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் 40, அதாவது ஒரு மி.லி.யில் 40 யூனிட். அதற்கு சிவப்பு மூடி போட்ட யு-40 சிரிஞ்ச். ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் 100 யூனிட் மருந்துக்கு. 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் 10 கோடு வரை எடுத்தால் உடம்பில் ஏறுவது 4 யூனிட்தான். சுகர் இறங்காது, டோஸைக் கூட்டிக்கொண்டே போவார்கள். மாறாக, 100 மருந்தைச் சிவப்பு சிரிஞ்சில் 10 கோடு எடுத்தால் 25 யூனிட் ஏறிவிடும், மயக்கத்தில் கொண்டு விடும். குப்பியின் லேபிளையும் மூடியின் நிறத்தையும் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் சேர்த்துப் பாருங்கள்.

பால் போல் கலங்கிய மருந்து என்றால் குலுக்காமல் இரண்டு உள்ளங்கைக்கு நடுவே மெதுவாக உருட்டுங்கள். தண்ணீர் போல் தெளிந்த சாதா இன்சுலினும், 30/70 கலவையும் சாப்பிட அரை மணி முன்பு. வயிற்றில் தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் விட்டுப் போடலாம், குழந்தைக்குக் குத்தாது, ஊசி தோலுக்கு அடியோடு நின்றுவிடும். தினம் இடம் மாற்றுங்கள். திறந்த குப்பி 28 நாள் வரைதான். ஃப்ரீசரில் வைத்து உறைந்துபோனால் தூக்கி எறிய வேண்டியதுதான்.

சுகர் பார்ப்பது வெறும் வயிற்றிலும், மூன்று வேளை சாப்பாட்டுக்குப் பிறகும். நேரக் கணக்கு முதல் வாய் வைத்த நிமிடத்திலிருந்து. கை கழுவியதிலிருந்து இல்லை. வெறும் வயிற்றில் 95-க்குக் கீழ், ஒரு மணி நேரத்தில் 140-க்குக் கீழ், இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழ். பார்க்கும் முன் கையைக் கழுவித் துடைக்கச் சொல்லுங்கள். மாம்பழம் உரித்த விரலில் பார்த்தால் எண் பொய் சொல்லும். ஹெச்பிஏ1சியை மட்டும் நம்பி இருக்க முடியாது. கர்ப்பத்தில் சிவப்பணுக்கள் சீக்கிரம் புதுப்பிக்கப்படுவதால் அது குறைத்துக் காட்டும்.

பதில் (மகப்பேறு மருத்துவர்)

மேலே இருவரும் சொன்னது சரி. இரண்டு மூன்று மட்டும் சேர்க்கிறேன்.

இன்சுலின் தேவை ஒரே மாதிரி இருக்காது. ஒன்பதாம் வாரத்திலிருந்து பதினாறு வரை தேவை குறையலாம், மசக்கையும் சேர்ந்தால் தாழ்சர்க்கரை வரும். வியர்வை, கை நடுக்கம், எண் 70-க்குக் கீழ் என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். இருபதாம் வாரத்துக்கு மேல் நஞ்சுக்கொடி ஹார்மோன்களால் டோஸ் ஏறிக்கொண்டே போகும், இரட்டிப்பாவதும் உண்டு. அதை நோய் முற்றுகிறது என்று நினைத்துக் கலங்க வேண்டாம். கடைசி மாதங்களில் டோஸ் திடீரென இறங்கினால்தான் உடனே வர வேண்டும், நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க.

மெட்ஃபார்மினில் ஒரு குறை. 2020-இல் வெளியான மைட்டி ஆய்வில், டைப் 2 உள்ள கர்ப்பிணிகளுக்கு இன்சுலினோடு மெட்ஃபார்மினும் சேர்த்தபோது தாயின் எடை ஏற்றம் குறைந்தது, மிகப் பெரிய குழந்தைகளும் குறைந்தன. ஆனால் எடை குறைந்த குழந்தைகள் கூடின. 28 வாரத்திலிருந்து வளர்ச்சி ஸ்கேன் எடுத்து, குழந்தை சிறுத்துத் தெரிந்தால் மெட்ஃபார்மினை நிறுத்துவது பற்றிப் பேசுவோம்.

இந்த மாதமே விழித்திரையைப் பரிசோதியுங்கள். சுகர் வேகமாக இறங்கும்போது, முன்பே இருந்த விழித்திரைப் பாதிப்பு கூடுவது உண்டு. 12 வாரம் ஆனதும் குறைந்த டோஸ் ஆஸ்பிரின் வேண்டுமா என்று கேளுங்கள், பிரஷர் இருப்பதால் பெரும்பாலும் கொடுப்போம்.

குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி விழுந்ததும் இன்சுலின் தேவை சடாரென இறங்கும். அன்றே டோஸைக் குறைக்காவிட்டால் பிரசவ வார்டிலேயே தாழ்சர்க்கரை வரும். மெட்ஃபார்மின் போட்டுக்கொண்டே பால் கொடுக்கலாம். மற்ற மாத்திரைகளை எப்போது மறுபடி ஆரம்பிப்பது என்பதை வீடு திரும்பும் முன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.