எஞ்சின் நிற்கும்போது கியர் விழுகிறது, ஓடும்போது நறநற: புதிதாகக் கட்டிய கிட் கார்

கவென்ட்ரி கராஜ்

வணக்கம். பாகங்களைக் கிட்டாக வாங்கி, இரண்டு வருடமாகக் கராஜில் கட்டிய கார் போன சனிக்கிழமைதான் முதல்முறை ஸ்டார்ட் ஆனது. லோட்டஸ் செவன் மாதிரியான திறந்த இரண்டு சீட்டர். எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் எல்லாம் ஒரு பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 இலிருந்து எடுத்தது. சேஸியும் பெடல் பாக்ஸும் கிட்டோடு வந்தவை.

எஞ்சின் நிற்கும்போது ஐந்து கியரும் ரிவர்ஸும் வெண்ணெய் மாதிரி விழுகின்றன. ஸ்டார்ட் செய்தபிறகு முதல் கியர் போகவே மாட்டேன் என்கிறது, ரிவர்ஸ் போட்டால் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும் அளவுக்கு நறநறவென்று சத்தம். கிளட்ச் பெடல் கடைசிவரை போகிறது, கொஞ்சம் பஞ்சு மாதிரி இருக்கிறது. கிளட்ச் குழாயிலிருந்து நான்கு முறை ஏர் எடுத்துவிட்டேன், ஒரு லிட்டர் டாட் 4 (பிரேக், கிளட்ச் ஆயில்) காலி.

இன்னொன்று. எஞ்சின் ஓடாமலேயே இரண்டாவது கியரில் போட்டால் லீவர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. சில சமயம் நான்காவதும்.

கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டுமா? இந்தக் காரில் எஞ்சினோடு சேர்த்துத்தான் வெளியே வரும். ஐவிஏ டெஸ்டுக்கு (வீட்டில் கட்டிய காரை ரோட்டில் ஓட்ட பிரிட்டனில் வாங்க வேண்டிய அனுமதி) அடுத்த மாதம் தேதி வாங்கி வைத்திருக்கிறேன். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

ஊட்டிமலை

கிளட்ச் பிளேட்டைத் திருப்பிப் போட்டிருப்பீர்கள். எனக்கு அப்படித்தான் ஆனது. கழற்றிப் பாருங்கள்.

பட்டறைக்காரன்_கோவை

தம்பி, அவசரப்பட்டு ஒன்றையும் கழற்றாதீர்கள். முதலில் குற்றம் கிளட்சிலா, கியர்பாக்ஸிலா என்று பிரித்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் நிற்கும்போது எல்லாக் கியரும் விழுகிறது என்றால் கியர்பாக்ஸ் உள்ளே நன்றாகத்தான் இருக்கிறது. கிளட்ச்தான் கட் ஆகவில்லை, அதாவது பெடலை மிதித்தாலும் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பிரித்துவிடவில்லை.

உறுதிசெய்ய வண்டியின் பின்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றுங்கள், முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். எஞ்சின் நிற்கும்போதே மூன்றாவது கியர் போட்டு, கிளட்சை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பின் சக்கரம் சுற்றலாம். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கிளட்சில் இருக்கும் லேசான உரசலிலேயே கொஞ்சம் சுற்றக்கூடும். பிரேக்கை லேசாக மிதியுங்கள். சக்கரம் அடங்கி நின்றால் கிளட்ச் சரி. எஞ்சின் திணறினால் கிளட்ச் பிளேட் இன்னும் எஞ்சினோடு சுற்றுகிற ஃபிளைவீலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அப்புறம் ஒரு ஸ்டீல் ஸ்கேல் எடுத்து, பெடலை முழுக்க மிதிக்கும்போது ஸ்லேவ் சிலிண்டர் (கியர்பாக்ஸ் பக்கம் கிளட்சைத் தள்ளுகிறது) ராட் எத்தனை மி.மீ. நகர்கிறது என்று அளந்து சொல்லுங்கள். மாஸ்டர் (பெடல் தள்ளுகிற சிலிண்டர்), ஸ்லேவ் இரண்டின் உள்விட்டமும் வேண்டும்.

கவென்ட்ரி கராஜ்

ஐயா, நன்றி. பிரேக் மிதித்ததும் எஞ்சின் ஆஃப் ஆகிவிட்டது. மாஸ்டர் 5/8 அங்குலம், ஸ்லேவ் 3/4 அங்குலம். பெடல் பக்கத்து ராட் 20 மி.மீ. உள்ளே தள்ளுகிறது. ஸ்லேவில் வருவது 9 மி.மீ. மூன்று முறை அளந்தேன்.

பட்டறைக்காரன்_கோவை

கணக்குப் போடுவோம். 0.625-ஐ 0.75-ஆல் வகுத்து, அதை வர்க்கம் செய்தால் சுமார் 0.69. இருபது மி.மீ. தள்ளினால் ஸ்லேவில் கிட்டத்தட்ட 14 வந்தாக வேண்டும். உங்களுக்கு 9. ஐந்து மி.மீ. வழியில் எங்கேயோ தொலைகிறது. இது பிளேட்டைத் திருப்பிப் போட்டதால் வராது, ஊட்டிமலை கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மாஸ்டரை 0.7 அங்குலம் ஆக்கினால் 17 மி.மீ.க்கு மேல் வந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். ஓட்டையை அடைக்காமல் தண்ணீரை அதிகம் ஊற்றுகிற வேலை அது. நாளைக்கே குறை சரியானால் பிரஷர் பிளேட் (கிளட்ச் பிளேட்டை அமுக்கிப் பிடிக்கிற தகடு) ஸ்பிரிங் விரல்களை அளவுக்கு மேல் அமுக்கிவிடும்.

லண்டன்_சிவம்

நானும் இதே மாதிரி ஒன்று கட்டினவன். இரண்டு இடம் பாருங்கோ. ஒன்று, மாஸ்டர் பூட்டியிருக்கிற தகடு. வேறை ஒராளை மிதிக்கச் சொல்லிப்போட்டு, நீங்கள் பொனெட்டைத் திறந்து டார்ச் அடிச்சுப் பாருங்கோ. என்ரையில் அந்தத் தகடு தகர டப்பா மூடி மாதிரி வளைஞ்சது.

மற்றது, ஸ்லேவுக்குப் போற பின்னல் குழாய். அது எங்கேயாவது மேலே ஏறி வளைஞ்சு திரும்ப இறங்குதோ? அந்த வளைவின் உச்சியில காத்து குந்தியிருக்கும். பெடலை மிதிச்சு எத்தனை தரம் ஏர் எடுத்தாலும் வராது. ஸ்லேவின் இரண்டு போல்டையும் கழற்றி, ராடைக் கையால மெல்ல மெல்ல உள்ளுக்குத் தள்ளுங்கோ. காத்து மேலே கிளட்ச் ஆயில் டாங்கிக்கு வரும். ஸ்லேவ் வெளியே இருக்கேக்க ஒருத்தரும் பெடலைத் தொடக்கூடாது, பிஸ்டன் பறந்திடும்.

கவென்ட்ரி கராஜ்

சிவம் அண்ணா, இரண்டுமே!

மனைவியைத்தான் மிதிக்கச் சொன்னேன் (இப்போது அவளுக்கும் தெரியும்). தகடு கண்ணெதிரே 4 மி.மீ. முன்னால் வந்து திரும்பிப் போனது. கிட் விற்றவர்கள் அங்கே கொடுத்தது வெறும் 1.2 மி.மீ. இரும்புத் தகடு. அதன் பின்னால் 3 மி.மீ. ஆங்கிள் ஒன்றை வைத்து, சேஸிக் குழாயோடு சேர்த்து போல்ட் போட்டேன். இப்போது அசைவதில்லை.

குழாயும் நீங்கள் சொன்னபடிதான், பெல் ஹவுசிங்குக்கு (கிளட்சை மூடியிருக்கும் கூடு) மேலே ஒட்டகத் திமில் மாதிரி ஏறி இறங்கியது. ராடைத் தள்ளத் தள்ள டாங்கியில் முதலில் ஒரு பெரிய குமிழி, பிறகு கடுகு தாளித்த மாதிரி சின்னச் சின்னதாக வந்துகொண்டே இருந்தன. குழாயைக் கீழே இறக்கிக் கட்டிவிட்டேன். இப்போது ஸ்லேவில் 13 மி.மீ. முதல் கியர் சத்தமில்லாமல் விழுகிறது. ரிவர்ஸ் மட்டும் உடனே போட்டால் லேசாகக் கடிக்கிறது.

பட்டறைக்காரன்_கோவை

பல கியர்பாக்ஸில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (கியர் விழும் முன் சுற்றும் வேகங்களைச் சமமாக்கும் வளையம்) கிடையாது. மிதித்து இரண்டு மூன்று நொடி பொறுத்துப் போடுங்கள். பெடலுக்குக் கீழே ஒரு ஸ்டாப்பர் போல்ட் வையுங்கள், தேவைக்கு மேல் மிதிபடாமல் இருக்கும்.

இரண்டாவது, நான்காவது கியர்: இரண்டுமே லீவரைப் பின்னால் இழுக்கிற கியர். லீவர் எதில் இடிக்கிறது என்று பாருங்கள். எம்எக்ஸ்-5 இல் குளிரில் இரண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிப்பது எல்லோரும் சொல்வதுதான், ஆனால் போட்டபின் வெளியே வராது.

கவென்ட்ரி கராஜ்

டன்னல் மூடியை (சீட்டுகளுக்கு நடுவே கியர்பாக்ஸை மூடும் தகடு) கழற்றிவிட்டுக் கியர் போட்டேன். இரண்டாவது கியர் அப்படியே நின்றது. மூடியில் வெட்டிய ஓட்டையின் பின்விளிம்பில் லீவர் பட்டு, பெயின்ட் உரிந்து பளபளவென்று ஒரு கோடு. லீவர் முழுதாகப் போய்ச் சேரும் முன்பே தகடு தடுத்திருக்கிறது. அரத்தால் 8 மி.மீ. ராவி எடுத்துவிட்டேன், இனி ரப்பர் பூட்டைத் திரும்பப் போட வேண்டும். இன்று மாலை வண்டியை டிரைவ்வேயில் முன்னும் பின்னும் பன்னிரண்டு முறை ஓட்டினேன்.